ஆமாவுக்கு விட்ட இடம்

நேற்று பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உம்முடைய கேசட்டைக் கொடுத்தேன். செல்போனில் கேட்கிற மாதிரி மாற்றித் தரச் சொன்னேன். உம் மகள்தான் கேட்டாள். ஐப்பசியில் நீர் கண்ணை மூடியதிலிருந்து வீட்டில் உம் சத்தமே இல்லையாம். கடைக்காரர் கொஞ்ச நேரம் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, அங்கன அங்கன சத்தமே இல்லாம கெடக்கு. அதையெல்லாம் வெட்டிட்டு ஒட்டிரட்டுமா?" என்றார். என் மனசு அந்தக் கேசட்டைப் பதிவு செய்த வண்ணார்பேட்டை மாடிக்குப் போய்விட்டது.

நாம் இருவரும் முறப்பநாட்டுக்காரர்கள், ஒரே வயது, ஒரே வில்லுப்பாட்டுக் குழு. நீர் வில்லடித்துப் பாடுவீர், நான் பக்கத்தில் ஜால்ரா. வாத்தியம் நின்று நீர் கதை சொல்லத் தொடங்கினால், ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுவது என் வேலை. கோயில் கொடைத் திருவிழா முடிந்ததும் ஊர்க்காரர்கள் உம்மைத்தான் சுற்றி நிற்பார்கள். அதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை என்று சொல்லித் திரிந்தேன். வருத்தம் இருந்தது வே.

தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் வில்லுப்பாட்டுக் கேசட் வந்துகொண்டிருந்தது. உமக்கும் ஒருவர் கேசட் போட வந்தார். முன்கூட்டியே அச்சடித்துக் கொண்டுவந்த அட்டையில் தலைப்பாகையோடு உம் படம், உம் பேர் மட்டும். அதைப் பார்த்தபோதே எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒலிப்பதிவு அன்று, பஸ் சத்தம் வராமலிருக்க ஜன்னலையெல்லாம் அடைத்து, காற்றாடியையும் நிறுத்தி, வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தோம். அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "விடிய விடியப் பாடுற மாடன் சாமி கதை, கேசட்டுல ஒரு மணி நேரந்தான். இந்த ஆமாவை எடுத்துட்டா இன்னும் கொஞ்சம் கதை ஏறும். அவரு வெளிய இருக்கட்டும்" என்றார்.

நான் உம்மைப் பார்த்தேன். நீர் வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தீர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஜால்ராவைப் பாயில் வைத்துவிட்டு இறங்கினேன், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் நான்கு மாதம் உம்மோடு பேச்சில்லை. எதிரே வந்தால் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கேசட் வந்தது. நான் வாங்கவில்லை, கேட்கவும் இல்லை.

சித்திரையில் வேறொரு குழுவோடு ஒரு கோயில் கொடைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ரேடியோ செட்டு ஒலிபெருக்கியில் உம் கேசட்டைப் போட்டார்கள். பாட்டு முடிந்து நீர் கதை சொல்லத் தொடங்கினீர். ஒரு வரி சொன்னீர், நிறுத்தினீர். அடுத்த வரி, மறுபடியும் நிறுத்தல். பக்கத்தில் இருந்தவர், "என்னவே இது, விட்டு விட்டுப் பாடுது? செட்டு கோளாறா?" என்றார். செட்டில் ஒரு கோளாறும் இல்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் என் ஆமாவுக்கு அளந்த மாதிரி இடம் விட்டிருந்தீர். அன்று ஜால்ராவைத் தாளத்தில் தட்டினேனா என்பதுகூட நினைவில்லை.

மறுநாள் விடிந்ததும் உம் வீட்டு வாசலில் நின்றேன். நீர் பல் விளக்கிக்கொண்டிருந்தீர்.

"ஏன்வே கேசட்டுல அப்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னீரு?"

வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பதில் சொன்னீர். "நீரு ஆமா போடாம எனக்கு அடுத்த வரி எங்கனவே வருது? அந்தாளு தலையில அடிச்சிக்கிட்டாரு. மூணு தரம் எடுத்தும் அதே கததான்."

"அன்னைக்கு ஏன் வாயைத் தொறக்கல?"

"கேசட்டு வேணும்னு ஆசையா இருந்திச்சுவே" என்றீர். "தப்புதான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உள்ளே இருந்து காப்பி வந்தது, குடித்தோம். வாங்கினவர்கள் பழுதான கேசட் என்று கடைகளில் திருப்பிக் கொடுத்தார்களாம். அடுத்த கேசட் போட ஒருவரும் வரவில்லை. முதலும் கடைசியுமாக அது ஒன்றுதான். உம் ஆசை எனக்கு விட்ட இடத்தில் தடுக்கி நின்றுபோனது. ஒருநாள்கூட நீர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நானும் அன்று மாடியை விட்டு இறங்காமல், "ஆமா இல்லாம வில்லு கெடையாது" என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

"வெட்டவா அண்ணாச்சி?" கடைக்காரர் மறுபடியும் கேட்டார்.

"வெட்டாதீங்க தம்பி. ஸ்பீக்கர்ல போடுங்க, கேப்போம்."

அவர் போட்டார். பாட்டு முடிந்து உடுக்கும் குடமும் அடங்கின. பழைய கரகரப்புக்கு நடுவே உம் குரல் வந்தது: "அந்தி மயங்குத நேரத்துல மாடன் ஆத்தைக் கடந்து வாராரு."

நிறுத்தினீர்.

"ஆமா" என்றேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நீர் அடுத்த வரிக்குப் போனீர்.