மாமனாருக்காக அழுத அழுகை

ஹன்யாங் நகரம்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

இன்று அரசியாராக இருக்கும் உங்கள் மகளுக்கு அரண்மனை முறைகளைக் கற்றுத்தந்த ஹாங் வணங்கி எழுதுவது. அரசியார் உடலுக்குக் குறையில்லை. நீங்கள் அனுப்பிய பைன் கொட்டைகளைக் கஞ்சியில் போட்டுக் கொடுத்தேன். பாதிக் கிண்ணம் குடித்தார்.

அவருடைய குழந்தை இறந்துபோன செய்தி உங்களுக்கு எட்டியிருக்கும். நான்கு வயது. எட்டு வயது நிறையாத பிள்ளைக்கு இங்கே துக்க உடையும் இல்லை, சடங்கும் இல்லை. அதிலும் அது, அரசியாரின் மாமனாரான மறைந்த பெரிய அரசரின் துக்கம் முடியும் பெருஞ்சடங்கு நெருங்கிய நேரம். அப்போது குழந்தைக்காக அழுதால் பெரியவரை அவமதித்ததாகும். ஆண் வாரிசு இல்லாத அரசியாரை வெளியேற்ற, சில அமைச்சர்கள் ஒரு குற்றத்துக்காகவே காத்திருக்கிறார்கள். அதனால் உலர்ந்த கண்ணோடு நடமாடினார். ஓய்வில் இருந்த என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

சடங்கில் அழுவதற்கும் முறை உண்டு. அறிவிப்பாளர் "அழுக" என்றால் குரல் எடுக்க வேண்டும். "நிறுத்துக" என்றால் நிறுத்த வேண்டும். கிணற்றில் வாளி இறக்குவது போல, கயிறு கையிலேயே இருக்கட்டும் என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அன்று அரசியாரின் கையில் கயிறு இல்லை, அம்மா.

பெண்களுக்கான திரைக்குப் பின்னால் அவர் எடுத்த குரலைக் கேட்டு மன்னரின் அத்தை, "மாமனாருக்கு இப்படி அழற மருமகளை இன்னைக்குத்தான் பாக்கறேன். அவர் இருந்தப்போ இந்தப் பாசத்தை எங்க வெச்சிருந்தாளாம்?" என்றார். பேசட்டும் என்று விட்டேன்.

"நிறுத்துக" என்ற குரல் வந்தது. முற்றமே அடங்கியது. உங்கள் மகள் அடங்கவில்லை. கையை அழுத்தினேன். "முடியல, ஹாங் அம்மா" என்றார். அடுத்த மூச்சில் குழந்தையின் பெயர் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அமைச்சர்கள் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது மன்னர் தரையில் கவிழ்ந்து, "அப்பா, அப்பா" என்று மறுபடி அழத் தொடங்கினார். மன்னர் அழும்போது மற்றவர்கள் சும்மா நிற்க முடியுமா? முற்றம் முழுவதும் கதறியது. அந்த இரைச்சலுக்குள் அரசியார் "யோன்ஹ்வா, யோன்ஹ்வா" என்று மகளைக் கூப்பிட்டுத் தீர்த்தார். என் காதைத் தவிர வேறு எந்தக் காதிலும் அது விழவில்லை.

முறை தவறியதைச் சடங்கு அமைச்சர் மறுநாள் பணிவாகச் சுட்டிக்காட்டினாராம். "எங்கப்பாவுக்கு நான் அழுதேன். அதுக்கும் படி வெச்சு அளப்பீங்களா?" என்று மன்னர் கேட்டாராம். தந்தையிடம் அவர் அவ்வளவு ஒட்டுதலாக இருந்தவர் அல்லர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் யோன்ஹ்வா ஒரே மகள்தானே. இருவரும் இதுவரை அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

துக்க உடைகளை எரித்துவிட்டார்கள். அடுத்து, மன்னரின் தாயான பெரிய அரசியாரின் பிறந்தநாள் விருந்து. முதல் கிண்ணத்தை உங்கள் மகள்தான் சிரித்த முகத்தோடு ஏந்த வேண்டும்.

ஆறுதல் சொல்லி எழுதிவிடாதீர்கள். அரண்மனைக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். சடங்கு நல்லபடியாக முடிந்ததற்கு வாழ்த்து மட்டும் எழுதுங்கள். இதைக் கொண்டுவருபவன் என் தம்பி மகன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அரசியார் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில், கதவைத் திறந்து வைத்து, பேத்தியின் பெயரைச் சொல்லி உரக்க அழ வேண்டுமாம். தன் பங்கையும் சேர்த்து.

முன்னோர்கள் உங்களுக்கு அதற்கான தெம்பைத் தரட்டும்.

பணிவுடன்,
ஹாங்