மடங்காத கைகாட்டி

மாமா,

இன்று காலை உங்கள் காரின் இடது கதவுத்தூணில் இருக்கும் அந்தச் சின்ன மூடியைக் கழற்றினேன். தேங்காயெண்ணெய் வாடை அடித்தது. பழைய, சிக்குப் பிடித்த வாடை. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், தலைக்குத் தடவுவதை இதில் ஊற்றாதீர்கள் என்று நான் அவ்வளவு சொன்னேன். நீங்களும் "ஓம், ஓம்" என்றீர்கள். கேட்கவில்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

இப்போதைய கார்களில் சிக்னல் என்றால் மினுக்கும் விளக்கு. உங்கள் காரில் தூணுக்குள்ளிருந்து ஒரு சாண் நீளக் கை வெளியே வரும், அதில் மஞ்சள் விளக்கு எரியும். திரும்பி முடித்து விசையைத் தள்ளினால் விளக்கு அணைந்து, கை தானாக உள்ளே விழ வேண்டும். நேற்று என் வீடு இருக்கும் தம்போயில் இடப்பக்கம் திரும்பியபோது விளக்கு அணைந்தது, கை விழவில்லை. நான் மறுபடியும் இடப்பக்கம் போகப் போகிறேன் என்று நம்பிய ஒரு லாரிக்காரர், நேராகப் போன என் முன்னால் நுழைந்துவிட்டார். பிரேக் போட்டு நின்றேன். பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் கண்ணாடியைத் தட்டி, நீட்டியபடியே இருந்த அந்தக் கையைச் சுட்டிக் காட்டினார்.

எல்லாருக்கும் அது சிக்னல். நீங்கள் மட்டும் கைகாட்டி என்பீர்கள். ரயில் நிலையத்தில் கைகாட்டி மரத்தைப் பார்த்தே வேலை செய்து ஓய்வு பெற்றவருக்கு வேறு சொல் வராது.

உங்கள் மகனுக்கும் எனக்கும் விவாகரத்து ஆன அன்றுதான் இது என் கண் முன்னால் முதல்முறை சிக்கியது. ஜொகூர் பாருவில், நீதிமன்ற வாசலில், மழை. டாக்சி ஒன்றும் நிற்கவில்லை. உங்கள் ஊர் சிகாமட்டிலிருந்து நீங்கள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. கார் என் முன்னால் வந்து நின்றது.

"ஏறு பிள்ளை. நனையாத."

தயங்கினேன். கல்யாணமாகி அந்த வீட்டில் இருந்த வருடங்களில் நீங்கள் என்னிடம் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு மாலைப் பொழுதுக்குக்கூடக் காணாது. நாங்கள் பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்து ஆட்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் அரசாங்க உத்தியோகம், பூர்வீகம் யாழ்ப்பாணம். பெண் பார்க்க வந்தபோது உங்கள் அக்கா என் அம்மாவிடம் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு என்மேல் வெறுப்பு என்று சொல்ல மாட்டேன். நான் இருப்பது உங்கள் கவனத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"எங்க போறோம் மாமா?"

"உன்ர வீட்டுக்குத்தான். தம்போய் எண்டு தெரியும், வழி தெரியாது. நீ சொல்லு."

முதல் முனையில் இடப்பக்கம் திரும்பினோம். அடுத்த முனையில் நேராகப் போக வேண்டும் என்றேன். நீங்கள் வேகத்தைக் குறைத்து, எட்டி என் பக்கத்துத் தூணை முஷ்டியால் தட்டினீர்கள். கை உள்ளே போகவில்லை.

"கை இடப்பக்கம் காட்டுது பிள்ளை. பின்னால வாறவன் என்ன நினைப்பான்?"

இடப்பக்கமே திரும்பினீர்கள். அதற்கடுத்த முனைகளிலும் அப்படித்தான். நான் கண்ணாடியை இறக்கி அதை அமுக்கட்டுமா என்று கேட்டேன்.

"தொடாத. உடைஞ்சா இதுக்குச் சாமான் இல்லை."

மறுபடி நீதிமன்ற வாசலுக்கே வந்தோம். படியில் உங்கள் மகன் தன் வக்கீலோடு நின்றுகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். அப்புறம் உள்ளே யார் இருப்பது என்று பார்த்திருப்பார், உயர்த்திய கை அப்படியே நின்றது. நீங்கள் ரோட்டைத்தான் பார்த்தீர்கள். இடப்பக்கம் திரும்பினீர்கள்.

இரண்டாவது சுற்றில் அவர் மழையிலேயே இரண்டு படி இறங்கி வந்தார். "அப்பா" என்று கூப்பிட்டது கண்ணாடி வழியாக எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும். நிறுத்தவில்லை. அடுத்த முனை தாண்டியதும் நான்தான் சொன்னேன், "மாமா, வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க." இறங்கினேன். கையின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து மெல்ல அசைத்து அழுத்தினேன். டக்கென்று உள்ளே போனது. புடவை நனைந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் கைக்குட்டையை நீட்டினீர்கள்.

என் வீட்டுப் போர்ச்சில் காரை நிறுத்தி அதைப் பிரித்துப் பார்த்தேன். எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவளுக்கு இது பெரிய காரியமில்லை. கையை இழுக்கும் காந்தக் கம்பிச் சுருளுக்குள் ஒரு சின்ன இரும்புத் தண்டு ஏறி இறங்கும். அதில் தேங்காயெண்ணெயும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து பசையாகியிருந்தது. மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். நீங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வேணும்னேதான் சுத்துனீங்களா மாமா?"

"கை அப்பிடிக் கிடந்தா வேற எங்க போறது?"

மண்ணெண்ணெய்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "மகன் சொன்னதெல்லாம் கேட்டிட்டன். உன்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. சொல்ல விருப்பமெண்டாச் சொல்லு. இல்லாட்டி உன்ர வேலையப் பார்."

நான் வேலையைப் பார்த்தேன். தண்டைத் துடைத்து, உலர வைத்து, திரும்ப மாட்டும்போது சொல்ல ஆரம்பித்திருந்தேன். குழந்தை இல்லாததற்குக் குறை என்னிடம் என்று உங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான் மட்டும். எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவரையும் வரச் சொன்னார்கள், அவர் வரவில்லை. வெளியே சொன்னால் தன் மானம் போய்விடும் என்றார். நானும் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் நீங்கள், "விளங்குது" என்றீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே சிகாமட்டுக்குக் கிளம்பினீர்கள்.

அதற்குப் பிறகு தீபாவளிக்குப் போன் செய்வீர்கள். கண் டாக்டரைப் பார்க்க ஜொகூர் பாரு வரும்போது என் வீட்டில் சாப்பிடுவீர்கள். அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நீங்கள் தவறிப்போன செய்தியை உங்கள் மகள்தான் சொன்னார். போவதா வேண்டாமா என்று யோசித்தேன். அந்த வீட்டுக்கு நான் இப்போது யார்? கடைசியில் பஸ் ஏறிப் போனேன். முகம் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று வாசல் ஓரமாகவே நின்றேன். உங்கள் அக்கா, வயது தொண்ணூறை நெருங்கியவர், என்னைப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். "இஞ்சால வந்து இரு பிள்ளை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு உங்கள் மகள் அடுக்களையில் வைத்துச் சொன்னார்: "கோர்ட்டுக்குப் போய் வந்த கிழமையே அப்பா எல்லாரையும் கூப்பிட்டு இருத்தினவர். 'பிழை எங்கட பொடியன்ர. அந்தப் பிள்ளையப் பற்றி இனி இந்த வீட்டில ஒருத்தரும் ஒண்டும் கதைக்கக் கூடாது' எண்டு சொன்னவர். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"இல்ல," என்றேன்.

இத்தனை வருடமும் அந்த வீட்டில் என்னைப் பற்றி என்னென்ன பேசுகிறார்களோ என்று நானே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் எதுவும் பேசவில்லை. அழ வேண்டிய இடம் அது. எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் மகள் கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு உங்கள் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உங்கள் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார். தலையசைத்தார், நானும் தலையசைத்தேன். அந்த வீட்டில் முதல் தடவையாகக் காப்பியைச் சூடாகவே, அவசரமில்லாமல், குடித்து முடித்தேன்.

கார் எனக்கென்று நீங்கள் சொல்லி வைத்திருந்ததாகக் காரியம் முடிந்த பிறகு உங்கள் மகள் போன் செய்தார். "அண்ணா வேண்டாமெண்டிட்டார். நீங்க வந்து எடுங்கோ" என்றார். போய் எடுத்து வந்தேன்.

இன்று தண்டைத் துடைத்து மாட்டிவிட்டேன். விசையைத் தள்ளிப் பார்த்தேன், கை ஒழுங்காக எழுந்து விழுகிறது.

தொழிற்சாலையில் இப்போது ஒரு லைன் முழுக்க என் பொறுப்பு. போன வாரம் ஒரு பெண்ணைப் பற்றிப் புகார் வந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறாள், கேட்டால் முறைக்கிறாள் என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். நாலு பேர் சொன்னதும் ஒன்றுபோல் இருந்தது. அவளை ஆபீசுக்குக் கூப்பிடவில்லை. அவள் மேசைக்குப் போய், எதிரில் உட்கார்ந்து, பழுதான சர்க்யூட் போர்டு ஒன்றை எடுத்து, ஈயம் பற்றவைக்கும் கோலால் சரிசெய்யத் தொடங்கினேன்.

"அவங்க சொன்னத கேட்டேன். நீங்க சொல்லணும்னா சொல்லுங்க. இல்லன்னா வேலையப் பாருங்க," என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. ஒரு போர்டு முடிந்து இன்னொன்றை எடுத்தேன். அதில் பாதி வந்தபோது அவள் பேச ஆரம்பித்தாள்.