சிரிக்காத அக்கா

பிப்ரவரி 3
அக்காவை வைத்து இன்னொரு படம் வரைந்து முடித்தேன். உடம்பு அவளுடையது: சூப்பர் மார்க்கெட் சீருடை, நாள் முழுக்கப் பில் போட்டுத் தொங்கிப்போன தோள். முகம் மட்டும் பற்பசை அட்டையில் சிரிக்கும் பெண்ணுடையது. என் படங்களை விற்றுத் தரும் கேலரிக்காரருக்கு வாயெல்லாம் பல். இதே மாதிரி இன்னும் வேண்டுமாம். விளம்பரங்களைக் கிண்டல் செய்யத்தான் இதைத் தொடங்கினேன். இப்போது நானே ஒரு பிராண்டு. அடுத்தது ஷாம்பூவா சோப்பா என்று கேட்டு வரைகிறேன்.

பிப்ரவரி 4
வரையவில்லை. பிரஷ்ஷைப் பார்த்தாலே எரிச்சல்.

பிப்ரவரி 9
அக்கா வேலை முடிந்து நேரே வந்து உட்கார்ந்தாள். "எப்பவும் என் கழுத்துக்கு மேல வேற எவளோ ஒருத்தி. என் மூஞ்சி அவ்வளவு மோசமாடி?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உன் முகத்தையே வரைகிறேன், சிரிக்காதே, பவுடர் போடாதே, இருக்கிறபடி இரு என்றேன்.

பிப்ரவரி 20
கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமைக்கே இத்தனை நாள். பழுப்பில் துளி ஊதா. வாயை வரையும்போது கை தானாக ஓரத்தைத் தூக்குகிறது. தொட்டில் பழக்கம் மாதிரி ஆகிவிட்டது. சுரண்டினேன். மறுபடி தூக்கியது. மறுபடி சுரண்டினேன்.
முடிந்ததும் அக்கா வெகுநேரம் பார்த்தாள். "நான்தான்" என்றாள். என் படங்களைப் பார்த்து யாரும் இப்படிச் சொன்னதில்லை.

மார்ச் 2
"சிரிப்பு எங்கம்மா?" என்று கேலரிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். சாயங்காலம் அவரே போன் செய்தார். ஏதோ பெரிய நிறுவனம் வாங்குகிறதாம், படத்தை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் உரிமையும் சேர்த்து. சிரிக்காத முகத்தையும் ஒருவர் வாங்குகிறார்! கையெழுத்துப் போட்டேன். துள்ளிக் குதிக்காத குறை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 27
மேம்பாலத்தருகே பெரிய விளம்பரப் பலகை. இடது பக்கம் நான் வரைந்த அக்கா முகம், மேலே ‘முன்’. வலது பக்கம் பளபளவென்று எவளோ ஒருத்தி, ‘பின்’. நடுவில் கிரீம் டப்பா.
ஐயோ, என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்?
கேலரிக்காரரிடம் கத்தினேன். உரிமை அவர்களுடையது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். இன்னும் சில களைத்த முகங்கள் வரைந்து தர முடியுமா என்றும் கேட்டார்கள் என்றார்.

மார்ச் 28
அக்கா போகும் பஸ் அந்தப் பாலத்தில்தான் ஏறும். யார் சொல்வது — நானா?

ஏப்ரல் 4
போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 11
அக்கா வந்தாள். பில் போட வருகிறவர்கள் அவள் முகத்தையும் கிரீம் டப்பாவையும் மாறி மாறிப் பார்க்கிறார்களாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள். கிட்டே போனேன். புதுசாக ஏதோ வாசனை.
"ரெண்டு வாரமா அந்தக் கிரீம்தான் போடறேன். கண்ணுக்குக் கீழ கொஞ்சம் தெளிஞ்சிருக்குல்ல? இப்ப வரைடி."
கலரைக் குழைத்தேன்.