பாதி ஜெபம்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கோபம் வந்தால் மனதுக்குள் ஒரு ஜெபம் முடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்றீர்களே, செய்து பார்த்தேன். எங்கள் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் அக்காவுக்கு இஸ்திரி இயந்திரத்தில் கை வெந்துவிட்டது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்ற வைத்தவர் மேற்பார்வையாளர். அவரே முதலாளியிடம், "இந்தப் பொம்பளைக்குக் கவனம் பத்தாது சார், அனுப்பிடலாம்" என்கிறார். நான் கண்ணை மூடி ஜெபித்தேன். ஆமென் சொல்வதற்குள், "பாருங்க, பக்கத்துல நின்ன இவனே வாயத் திறக்கல" என்று என்னையே சாட்சியாக்கிவிட்டார்! பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்தேன். கத்தவில்லை அம்மா, கெட்ட வார்த்தையும் இல்லை. "மூடியக் கழட்டச் சொன்னது இவர்தான் சார்" என்றேன். அவ்வளவுதான்.

அக்காவின் வேலை தப்பியது. என்னை ஈரத்துணிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். விரல் வெடிக்கிறது, களிம்பு அனுப்புங்கள். இந்தப் பக்கம் பேச ஆளில்லை, கடிதத்தை நீளமாக எழுதுங்கள். ஜெபத்தை மட்டும் குட்டியாக ஒன்று எழுதி அனுப்புங்கள். நீங்கள் சொல்லித் தந்தது முடிவதற்குள் இங்கே ஒருவர் பிழைப்பு போய்விடும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்