ஹெதர் பூக்கும் மாதம்

ஆகஸ்ட் 4, 2022. வெம்பிளி

ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் எனக்குப் பக்கத்து நாற்காலி கமலாம்பிகை அக்காவுடையது. இன்று சாப்பாட்டு வேளையில் மறுபடியும் அதே பேச்சு. ஸ்காட்லாந்தில் ஏரிக்கு மேலே ஆளரவமற்ற சின்ன மலை ஒன்று இருக்கிறதாம். இந்த மாதம் முழுக்க ஹெதர் பூத்து ஊதாவாகக் கிடக்குமாம்.

"யாழ்ப்பாணத்திலை மலை ஏது, ரஞ்சனா? ஒருக்காவெண்டாலும் ஏறி நிண்டு கீழை தண்ணியைப் பாக்கோணும். வாறியோ?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம்க்கா."

ஆகஸ்ட் 18, 2023

ஸ்காட்லாந்து ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. அக்கா "பரவாயில்லை" என்றார். இந்த முறை டிக்கெட் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தியதே அவர்தான்.

மார்ச் 4, 2024

அக்கா வேலையை விட்டுவிட்டார். கண்ணில் க்ளாக்கோமா. போன கோடையிலேயே பார்வை மங்கத் தொடங்கியிருக்கிறது. அப்போ அதுக்குத்தான் அவசரப்பட்டாங்களா? ஏன் எங்கிட்ட சொல்லல? சொன்னாத்தான் போவேனா — சொல்லாமலே போயிருக்கணும். அந்த வாரம் நான் நாத்தனாரின் பைகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 5

தூக்கமில்லை.

ஜூலை 6, 2025

வெஸ்ட் ஈலிங் கோயிலில் அக்காவைப் பார்த்தேன். என் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிகிறதாம். மலையைப் பற்றிக் கேட்க வாய் கூசியது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"கால் ரெண்டும் நல்லாத்தானே கிடக்கு," என்றார்.

ஆகஸ்ட் 16, 2025. ஸ்காட்லாந்து

ஏறிவிட்டோம். பாதையெல்லாம் சேறு. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வழியில் குனிந்து ஹெதரைத் தடவிப் பார்த்து, "பூ இவ்வளவு சின்னனோ?" என்று சிரித்தார்.

உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. மூடுபனியில் ஒரே வெண்மை. ஏரி எந்தப் பக்கம் என்றுகூட எனக்குப் புரியவில்லை.

"என்ன தெரியுது? சொல்லு."

எப்படிச் சொல்வது, இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டு? நல்ல வெயில் என்றேன். நீலமாக ஏரி, நடுவில் ஒரு வெள்ளைப் படகு. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

அக்கா முகத்தை நிமிர்த்தி, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கன்னத்தைத் துடைத்தார்.

"வெயில் எண்டாய். முகமெல்லாம் ஈரமாக் கிடக்கு. பனிப்புகார் தானே?"

எனக்கு விசும்பல் வந்துவிட்டது. அது அவருக்குக் கேட்டிருக்கும். முழங்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அழாதை, பிள்ளை. அந்தப் படகு எங்கை போகுது? சொல்லு."