மாரியோ என்று எழுது

கல்கத்தா, 12-7-1966

அன்புள்ள செண்பகத்துக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். கும்மிடிப்பூண்டியில் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஓட்டலில் ஜாஸ் வாசிப்பவன் கோவாக்காரனாக இருந்தால்தான் மதிப்பாம். ஓட்டல் மேனேஜர் எனக்கு மாரியோ என்று பெயர் வைத்துவிட்டார். நேற்று ஒரு நிஜ கோவாக்காரர் வந்து கொங்கணியில் ஏதோ கேட்டார். "இன்னா சார் சொல்றீங்கோ?" என்று உளறினேன். ஹாலே சிரித்தது. அதற்கப்புறம் என் டிரம்பெட்டை யார் கேட்டார்கள்?

உன் கடிதத்தையும், மாசிலாமணி என்று யாரும் இல்லையென்று வாசலிலேயே திருப்பிவிட்டார்களாம். எரிச்சலாக இருக்கிறது.

பழவேற்காட்டுக் கருவாடு கொஞ்சம் அனுப்பு. விலாசத்தில் மாரியோ என்று எழுது. விலாசம் எழுத இனி உன் அண்ணனைக் கூப்பிட வேண்டாம். அது புருஷன் பேர் இல்லையே, நீயே எழுதலாம்.

உள்ளே மட்டும், தப்பென்று பார்க்காமல், என் பேரை ஒரு தடவை எழுது.

மேனேஜர் "மாரியோ" என்று கத்துகிறார். போகிறேன்.

மாசிலாமணி