நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

என்னங்க,

அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் லுணுகலைக்குப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். ஆய்வேட்டை ஒப்படைக்கக் கெம்பஸுக்குக் கிளம்பும்போது சாவியைப் பாறூக் நானா கடையில் கொடுங்கள்.

நேற்று அம்மா, "மாப்ள, எம் புள்ள பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். "ஆய்வுல பேரெல்லாம் போட மாட்டாங்க அத்தை. நீங்களே அதுல தகவலாளி பதினாலுதான்" என்றீர்கள். அவர் சாப்பிடாமல் எழுந்து போனதை நீங்கள் கவனிக்கவில்லை.

பஞ்சத்தில் செத்த என் அண்ணனைப் பற்றி என்னிடம்கூட வாய் திறக்காதவர், உங்கள் ரெக்கோடர் முன்னால் மூன்று நாள் அழுதார். அந்தப் பெயரை எழுதுவீர்கள் என்று நம்பித்தான் அழுதார். அரை மணி நேரம் பேசிய தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு மட்டும் நன்றியுரையில் இனிஷியலோடு முழுப் பெயர். வரலாற்றில் கலாநிதியாகப் போகிறவரிடம் நான் என்ன சொல்ல?

அடுப்புக்குக் கேஸ் முடிந்துவிட்டது. புது சிலிண்டருக்குச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் "ஓர் ஆண் குழந்தை பட்டினியால் இறந்தது" என்று இருக்கிறதல்லவா? அதற்கு மேலே 'முத்துராசு' என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். பைண்ட் பண்ணிய நான்கு பிரதிகளிலும்.

வெள்ளை பூசி மறைக்க டிப்பெக்ஸைத் தேடாதீர்கள். என் பையில் இருக்கிறது.